இடது பக்கம் ஏற்றும்போது

அந்தப் பொக்லைன் எப்போதும் மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் நின்றுபோகும். காலை முழுக்க ஒழுங்காக மண் வெட்டும், டிப்பர் டிப்பராக ஏற்றி அனுப்பும். சாப்பாட்டு நேரம் முடிந்து ஒரு மணி நேரம் ஓடியதும் திடீரென்று இன்ஜின் சத்தம் இறங்கிவிடும். கேபினுக்குள் இருக்கும் திரையில் சிவப்பு விளக்கு எரியும். இன்ஜின் சூடு நூற்றிருபது டிகிரி என்று காட்டும். சாவியை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் போட்டால், எதுவுமே நடக்காத மாதிரி எண்பத்தாறு என்று காட்டிக்கொண்டு ஓடும். பட்டறையிலிருந்து ஆள் போய்ச் சேர்வதற்குள் கோளாறு காணாமல் போயிருக்கும்.

நெய்வேலி சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை அகற்ற, பெரிய சக்கர இயந்திரங்கள் எட்டாத மூலைகளில் ஒப்பந்தக்காரர்களின் பொக்லைன்கள் வேலை செய்யும். அப்படி ஒரு ஒப்பந்தக்காரரிடம் நான் எலக்ட்ரிக்கல் டெக்னீஷியன். அப்பா அனல்மின் நிலையத்தில் பர்மனென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். டவுன்ஷிப்பில் ஒரு பிளாக் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, டிப்ளமோ முடித்து, நான் வந்து சேர்ந்தது கான்ட்ராக்டில். பகல் ஷிப்ட் மட்டும். எங்கள் பட்டறையில் நான் ஒருத்திதான் பெண். அதைப் பற்றி ஆரம்பத்தில் பேசியவர்கள் பிறகு பேச நேரமில்லாமல் விட்டுவிட்டார்கள். எங்களிடம் இருந்த ஐந்து வண்டிகளும் அவ்வளவு பழசு.

நின்று நின்று போன அந்த வண்டியை ஓட்டியவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். கம்மாபுரம் பக்கத்து ஊர். அவருடைய நிலம் இருந்த இடம் இப்போது எங்கள் குழியின் இரண்டாவது அடுக்கு. ஒருநாள் கேபினிலிருந்து கையை நீட்டி, “அதோ அந்த மின்கம்பம் நிக்குது பாரு, அங்கதான் நாலு மா நெலத்துல முந்திரி வெச்சிருந்தோம்” என்று ஊர் வழி சொல்வதுபோலச் சொன்னார். நானும் அதற்குமேல் கேட்கவில்லை. பக்கெட்டை டிப்பரின் விளிம்பில் படாமல் ஒரு சாண் இடைவெளியில் கொண்டுவந்து கவிழ்ப்பார். டிப்பர் ஓட்டுநர்கள் அவரிடம் ஏற்றத்தான் வரிசையில் நிற்பார்கள்.

“சூடே இல்லம்மா. நான் எறங்கிப் போயி பானெட்ட தொட்டுப் பாத்தன். எப்பவும் போலத்தான் இருக்குது. வண்டி பொய் சொல்லுது” என்று அவர் என்னிடம் சொன்னபோது நான் நம்பினேன். சைட் மேனேஜர் நம்பவில்லை. மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. மாதத்துக்கு இத்தனை கன மீட்டர் மண் எடுக்க வேண்டும் என்ற நெருக்கடியில் இருந்தவர். “மத்தியானம் சாப்பிட்டதும் மட்டும் எப்படிம்மா வண்டி சூடாகுது? தூக்கம் வர்ற நேரம் அது” என்றார்.

அடுத்த நாள் மதியம் நான் குழிக்குள்ளேயே இருந்தேன். வண்டி நின்றதும் ஓடிப்போய், தொடாமலே சூட்டை அளக்கும் டெம்பரேச்சர் கன்னை இன்ஜின் மேல் பிடித்தேன். எண்பத்தெட்டு. திரை நூற்றிருபது என்றது. அந்த நிமிடமே தீர்ப்பு எழுதிவிட்டேன்: சென்சார் போச்சு.

அந்த சென்சார் கட்டைவிரல் அளவுப் பித்தளைத் துண்டுதான். ஒரு முனை இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டுக்குள் முங்கியிருக்கும், மறுமுனையில் இரண்டு வயர். கூலன்ட் சூடாக ஆக அதன் மின்தடை குறைந்துகொண்டே போகும். அந்த மின்தடையைப் பார்த்துத்தான் வண்டியின் கம்ப்யூட்டர் இத்தனை டிகிரி என்று முடிவு செய்கிறது. பழைய மாடல் என்பதால் புது சென்சார் வந்துசேர ஒன்பது நாள் ஆனது. வந்ததும் பொறுமையில்லாமல் இன்ஜின் முழுதாக ஆறும் முன்பே பழையதைக் கழற்றினேன். மிச்சமிருந்த கூலன்ட் பீறிட்டு மணிக்கட்டில் பட்டது. தோல் கொப்பளித்தது. மருந்தைத் தடவிக்கொண்டு புதியதை முறுக்கி மாட்டிவிட்டு, பழையதைத் தகர டப்பாவில் வீசினேன்.

வண்டி நிற்கவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. மேனேஜர் எல்லார் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார். ஆபரேட்டர் டிபன் பாக்ஸிலிருந்து இரண்டு அதிரசம் எடுத்துக் கொடுத்தார். அந்த இரண்டு நாளும் வானம் மூடிக்கொண்டு தூறல் போட்டதை நான் கவனிக்கவில்லை. மழை நல்லது என்று மட்டும் நினைத்தேன்.

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. இரண்டரை மணிக்கு வண்டி நின்றது.

நான் பட்டறைக்குப் போய்த் தகர டப்பாவைத் தரையில் கவிழ்த்து, அந்தப் பழைய சென்சாரைத் தேடி எடுத்தேன். ஆபீஸ் அறையில் டீ போடும் மின்சாரக் கெட்டிலில் தண்ணீர் நிரப்பி, தெர்மாமீட்டரையும் சென்சாரையும் நூலில் கட்டித் தொங்கவிட்டு, மல்டிமீட்டரின் முள்ளிரண்டையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பது, நாற்பது, ஐம்பது என்று சூடு ஏற ஏற மின்தடை சீராக இறங்கியது. எங்கும் குதிக்கவில்லை. கொதிக்கும் வரை விட்டு, ஆறவிட்டு, மறுபடி ஏற்றிப் பார்த்தேன். கையேட்டில் இருந்த அட்டவணையோடு ஒவ்வொரு எண்ணும் ஒத்துப்போனது. நல்ல சென்சாரைக் கழற்றி எறிந்திருக்கிறேன். மாட்டுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய அரை மணி நேர வேலை இது.

மறைக்கத் தோன்றவில்லை. மேனேஜரிடம் போய், “பழைய சென்சார் நல்லாத்தான் சார் இருக்கு. நான் சோதிக்காம மாத்திட்டேன்” என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். “ஆக, பழைய சென்சாரும் நல்லது, புது சென்சாரும் நல்லது. வண்டியில கோளாறு இல்ல.”

“இல்ல சார், வேற எங்கயோ…”

“நீயே அளந்து சொல்லிட்டியேம்மா. ஆளுலதான் கோளாறு. எதையோ நோண்டி நிறுத்தறாரு.”

மறுநாள் காலை ஆள் பிரிக்கும் இடத்தில், டிப்பர் ஓட்டுநர்கள் அத்தனை பேரும் நிற்க, ஆபரேட்டர் கையில் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் கொடுக்கப்பட்டன. டிப்பர்கள் பின்வாங்கும் வளைவில் நின்று கொடி காட்டும் வேலை. அவர் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலுக்குள் நடந்து போனார். நான் உண்மையைச் சொன்னதால் வந்த வினை இது. சொன்னது தவறில்லை, பாதியில் நிறுத்தியதுதான் தவறு. மீதியைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அப்போது முடிவு செய்தேன்.

அவருடைய வண்டியில் வேறொரு ஆபரேட்டரை ஏற்றினார்கள். அன்று நல்ல வெயில். இரண்டு மணி, மூன்று மணி, நாலு மணி. வண்டி நிற்கவே இல்லை. மேனேஜர் என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினார். இரண்டாம் நாளும் நிற்கவில்லை. எனக்கே சந்தேகம் வந்தது. அன்று வீட்டுக்குப் போனதும் வயரிங் படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, அந்த இரண்டு வயர்களையும் பென்சிலால் தொடர்ந்து போனேன். சென்சாரிலிருந்து கிளம்பி, இன்ஜினுக்குப் பின்பக்கமாக வளைந்து, இருக்கைக்குப் பின்னால் உள்ள கம்ப்யூட்டருக்குப் போகின்றன. ஆறேழு அடி நீளம். அதில் எங்கே, எப்போது? அதைவிட முக்கியம், அவர் ஓட்டினால் மட்டும் ஏன்?

மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு அந்த வளைவுக்கே போனேன். தார்ப்பாய் நிழலில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“என்னாலதாண்ணே உங்களுக்கு இப்படி ஆயிடுச்சு.”

“ஆமா” என்றார். நான் எதிர்பார்த்தது வேறு ஏதோ ஆறுதல். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே தொடர்ந்தார். “இருவது வருசமா ஓட்டிக்கினு இருக்கறன். தூங்கறன்னு ஒருத்தன் சொன்னதில்ல. எம் பையன் இதே மைன்ஸ்ல டிப்பர் ஓட்றான். அவனுக்கு நான் கொடி காட்றன்.”

நான் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. அவரே மறுபடி பேசினார். கோபம் குறையவில்லை. ஆனால் கண் வண்டியின் மேல் இருந்தது.

“ஒண்ணு கேக்கறன். மூணு நாளா இங்க நின்னு பாத்துக்கினே இருக்கறன். அவன் டிப்பர எந்தப் பக்கம் நிறுத்தச் சொல்றான்?”

திரும்பிப் பார்த்தேன். பொக்லைனின் வலது பக்கம் ஒரு டிப்பர் நின்றிருந்தது.

“நான் எப்பவும் இடது பக்கம் ஏத்துவன். கேபினு இடது பக்கம்தான இருக்குது, டிப்பரு விளிம்பு கண்ணுக்குத் தெரியும். அவன் வலது பக்கம் ஏத்தறான். எடம் மாறினதால வண்டி வர்ற தடம் அப்படி. எனக்கு நிக்கறப்பல்லாம், லோடோட இடது பக்கம் திரும்பி டக்குனு புடிச்சு நிறுத்துற அந்த நேரத்துலதான் நின்னுது. வெட்றப்போ ஒரு தடவகூட நின்னதில்ல.”

“இத ஏண்ணே முன்னாடியே சொல்லல?”

“யாரு கேட்டா?”

அவர் சொன்னது சரி. நான் சூட்டை அளந்தேன், சென்சாரை மாற்றினேன், கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். வண்டி நிற்கும் நொடியில் பொக்லைனின் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று ஓட்டியவரிடம் கேட்கவில்லை.

அன்று மாலை மெயின் பஜாரில் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் கடையில் ஒரு ரெசிஸ்டர் வாங்கினேன். நெல்மணி அளவுதான் இருக்கும். எண்பத்தாறு டிகிரியில் சென்சார் எவ்வளவு மின்தடை காட்டுமோ, கிட்டத்தட்ட அதே மின்தடை. மறுநாள் காலை மேனேஜர் முன்னால் அதை வைத்தேன்.

“சென்சார் கனெக்டரைக் கழற்றிட்டு இதைச் சொருகிடறேன் சார். இன்ஜின் சூடானாலும் ஆறினாலும் திரை எண்பத்தாறுன்னுதான் காட்டணும். நகரவே கூடாது. அப்படியும் எண் குதிச்சா, வயர்ல கோளாறு. சென்சார் மேலயும் தப்பில்ல, ஆள் மேலயும் தப்பில்ல.”

“நிஜமாவே இன்ஜின் சூடானா எப்படித் தெரியும்?”

“அஞ்சு டிப்பருக்கு ஒரு தடவ வண்டிய நிறுத்தச் சொல்லி நானே கன் வெச்சு அளக்கறேன். மத்தியானம் ஒரு மணி நேரம் போதும். ஆனா அவர்தான் ஓட்டணும். டிப்பர் இடது பக்கம் நிக்கணும். நீங்களும் வந்து பாக்கணும் சார்.”

மேனேஜர் ரெசிஸ்டரைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். “ஒரு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் தரமாட்டேன்.”

இரண்டு மணிக்கு ஆபரேட்டர் கொடியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுக் கேபினில் ஏறினார். நாலு நாளைக்குப் பிறகு இருக்கையைத் தன் உயரத்துக்கு ஏற்ப நகர்த்திக்கொண்டார். டிப்பர்களுக்கு இடது பக்கம் தடம் போடப்பட்டது. அவர் செல்போனைத் திரைக்கு நேராக நிறுத்தி வைத்து வீடியோ அழைப்பில் விட்டார். தூரத்தில் பாதுகாப்புக் கோட்டுக்கு வெளியே நானும் மேனேஜரும் என் போனில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எண்பத்தாறு. முதல் ஐந்து டிப்பர் போயின. நிறுத்தி அளந்தேன், சரியாக இருந்தது. அடுத்த ஐந்து. அப்போதும் எண்பத்தாறு. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணிக்கட்டுப் புண்ணில் வியர்வை பட்டு எரிந்தது. பதினொன்று, பன்னிரண்டு. பதினான்காவது டிப்பருக்கு இரண்டாவது பக்கெட் மண்ணோடு பொக்லைனின் கை இடது பக்கம் சுழன்று வந்து நின்ற அந்த நொடியில், போனில் எண் நூற்றிருபதுக்குத் தாவியது. இன்ஜின் சத்தம் இறங்கியது.

ஆபரேட்டர் பக்கெட்டை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, எதையும் தொடாமல், இரண்டு கையையும் கேபின் கண்ணாடி வழியே தெரியும்படி உயர்த்திக் காட்டினார்.

“இன்னும் ஒரு தடவ பாக்கலாம்” என்றார் மேனேஜர். சாவியை அணைத்துப் போட்டு ஓட்டினார்கள். மூன்றாவது சுழற்சியிலேயே மறுபடி குதித்தது. மேனேஜர் என்னைப் பார்த்து, “வயர எங்க இருந்து ஆரம்பிக்கப் போற?” என்று கேட்டார். அதன்பிறகு ஒரு மணி நேரக் கணக்கு பேச்சில் வரவில்லை.

இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, நன்றாக ஆறும்வரை காத்திருந்தேன். பிறகு பின்பக்க மூடியைத் திறந்து, இடுக்கில் ஒருக்களித்துப் படுத்துக் கையை விட்டேன். கண்ணால் பார்க்க முடியாத இடம். வயர்க்கட்டை விரலால் அங்குலம் அங்குலமாகத் தடவிப் போனேன். இன்ஜினுக்கும் ஒரு இரும்புத் தகட்டுக்கும் நடுவே வயர்க்கட்டைப் பிடித்திருக்கும் கிளாம்ப் வந்தது. அதன் ரப்பர் உதிர்ந்துபோயிருந்தது. அங்கே விரலில் பிசின்போல ஒட்டியது. பல வருடத்துக்கு முன் யாரோ சுற்றிய கறுப்பு டேப். ஒரு சின்ன முகம்பார்க்கும் கண்ணாடியையும் டார்ச்சையும் சேர்த்துப் பிடித்தபோது, டேப் வழுக்கி விலகிய இடத்தில் ஊசிமுனை அளவு செம்பு மின்னியது.

எல்லாம் அங்கே இருந்தது. காலையில் டேப் இறுகி அந்தக் காயத்தை மூடிக்கொண்டிருக்கும். வெயிலும் இன்ஜின் சூடும் சேர்ந்தால் பசை இளகி நகரும். மூடிய வானத்தில் இளகாது. இன்ஜினைத் தாங்கும் ரப்பர்களில் ஒன்று நசுங்கியிருந்ததால், லோடோடு இடது பக்கம் திரும்பி நின்றால் இன்ஜின் ஒரு விரற்கடை சாயும். அந்தச் செம்பு தகட்டில் உரசும். மின்சாரம் குறுக்கே ஓடியதும் மின்தடை விழும். கம்ப்யூட்டர் அதைச் சூடு என்று எடுத்துக்கொள்ளும். வலது பக்கம் திரும்பினால் இன்ஜின் மறுபக்கம் சாயும், ஒன்றும் ஆகாது.

அந்த வயர் இரண்டையும் அந்தப் பகுதி முழுக்க வெட்டி எடுத்துவிட்டு, சூடு தாங்கும் புது வயரைச் சேர்த்துப் பற்றவைத்து, மேலே உறை போட்டு, தகட்டிலிருந்து தள்ளிக் கட்டினேன். இன்ஜின் ரப்பரை மெக்கானிக்குகள் மறுநாள் மாற்றினார்கள்.

மேனேஜர் ஆபரேட்டரிடம், “நாளையிலேர்ந்து வண்டிய எடுத்துக்குங்க” என்றார்.

“எடுக்கறங்க” என்றார் அவர். “ஆனா கொடிய கையில குடுத்தப்போ டிரைவருங்க எல்லாரும் நின்னுக்கினு இருந்தாங்க. எம் பையனும் இருந்தான். இதயும் அங்கயே சொல்லிடுங்க.”

மேனேஜர் முகம் சுருங்கியது. நான் குறுக்கே புகுந்தேன். “நானும் சொல்றேன் சார். நல்ல சென்சார சோதிக்காம கழட்டினது நான்.”

மறுநாள் காலை ஆள் பிரிக்கும் இடத்தில் மேனேஜர் சொன்னார். நீட்டி முழக்கவில்லை. “அந்த வண்டியில வயர் தேஞ்சிருந்துச்சு. ஓட்டினவர் மேல தப்பு இல்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்கு ஆட்களைப் பிரிக்கத் தொடங்கினார். என் பங்கையும் சொன்னேன். பின்வரிசையில் நின்ற ஆபரேட்டரின் மகன் தலையைக் குனிந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா நிமிர்ந்து நின்றிருந்தார்.

அந்த வாரமே மற்ற நாலு வண்டிகளையும் பார்க்க அனுமதி கேட்டு வாங்கினேன். இந்த முறை ஒவ்வொரு வண்டியிலும் முதலில் ஏறி உட்கார்ந்து, ஓட்டுகிறவரிடம் கேட்டேன். மூன்று வண்டிகள் சரியாக இருந்தன. நாலாவது வண்டிதான் ஐந்திலும் மூத்தது. அதன் ஆபரேட்டர் பெருமையாகச் சொன்னார்: “ராசியான வண்டி மேடம். எம்மாம் வெயில்ல ஓட்டினாலும் எண்பதுக்கு மேல ஏறாது.”

கன்னை வைத்தேன். நூற்றுமூன்று. இன்னொரு முறை, வேறொரு இடத்தில். நூற்றிரண்டு. கத்திய வண்டியைச் சுற்றி இத்தனை நாள் நாங்கள் எல்லோரும் நின்றோம். சத்தமே போடாத இது அந்நேரமெல்லாம் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தது.

உடனே நிறுத்தச் சொன்னேன். ஆறிய பிறகு சென்சாரைக் கழற்றினால் அதன் முனை முழுக்கச் சுண்ணாம்பு கட்டியதுபோல வெள்ளைப் படிவு. வெந்நீரில் சோதித்தபோது எண்பதை நெருங்கியதும் மின்தடை நகர மறுத்தது. இது நிஜமாகவே செத்த சென்சார். புதியது வந்ததும் அதையும் அட்டவணையோடு சோதித்து, வயரையும் கடைசிவரை தடவிப் பார்த்து, பிறகுதான் மாட்டினேன். வண்டி ஓடிய அரை மணி நேரத்தில் திரை தொண்ணூற்றெட்டு காட்டி எச்சரிக்கை ஒலி எழுப்பியது.

“நல்லா இருந்த வண்டிய கெடுத்துட்டீங்களே மேடம்” என்று அந்த ஆபரேட்டர் கேபினிலிருந்து கத்தினார்.

“கெட்டது இப்பதாண்ணே தெரியுது. இறங்குங்க, ரேடியேட்டரப் பாக்கலாம்” என்றேன்.

ரேடியேட்டரின் இடுக்குகளில் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து செங்கல்போல இறுகியிருந்தது. அன்றும் அடுத்த நாள் பாதியும் நானும் அவரும் மாறி மாறித் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினோம். முதலில் கறுப்பாக ஒழுகிய தண்ணீர் மதியத்துக்குள் தெளிந்தது. மூடியை மாட்டி, வண்டியை வேலைக்கு விட்டேன். மூன்று மணி வெயிலில் எண்பத்தொன்பது காட்டியது. கன்னை வைத்துப் பார்த்தேன். எண்பத்தொன்பதுதான்.